சீமாட்டி சுழல்கிறாள்!

இருபது பவுன் பணத்தாள் ஒன்றின் படத்தை நண்பர் ஒருவர் நமக்குக் காட்டினார். ஒரு புறம் எலிசபெத் அரசி. முடியும் முத்தும் மின்ன, முறுவல் தவழும் முகம். தாளைத் திருப்பினால் மறுபுறத்தில் அரண்மனை இல்லை, ஆலயம் இல்லை, வாளேந்திய வீரனும் இல்லை. ஒரு சக்கரம்! மலைச் சரிவிலே, மரஞ்செடிகளுக்கு நடுவே, வெள்ளைக் கோபுரம் ஒன்றின் அருகே நிற்கும் மாபெரும் நீர்ச்சக்கரம்.

எந்த நாட்டுத் தாள் என்று கேட்டோம். மாண் தீவு என்றார் நண்பர். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலில் மிதக்கும் சிறு நிலம் அது. பரப்பு 221 சதுர மைல். பிரிட்டிஷ் முடிக்குக் கட்டுப்பட்டது, ஆனால் பிரிட்டனின் பகுதி அன்று. தனக்கெனச் சட்டமன்றம், தனக்கெனப் பணத்தாள், தனக்கெனக் கொடி. கொடியிலே ஓடுகிற மூன்று கால்கள். எப்படித் தூக்கி எறிந்தாலும் நிமிர்ந்தே நிற்கும் என்பது அந்தச் சின்னத்துக்கு உரிய வாசகத்தின் பொருள். நிமிர்ந்து நின்றவர் யார், குனிந்தே கிடந்தவர் யார் என்பதைக் கொடி சொல்லாது. அந்தக் கதையைச் சொல்லுவது சக்கரம்தான்.

தீவின் கிழக்குக் கரையிலே லாக்ஸி என்றோர் ஊர். சிற்றூர். சால்மன் மீன் துள்ளும் ஆறு என்பது, வடகடல் மக்களின் பழமொழியிலே அந்தப் பெயருக்குப் பொருள். அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியிலே மீனைவிட விலையுள்ள சரக்கு கிடந்தது. ஈயம், துத்தநாகம், செம்பு, ஈயத்தோடு கலந்து வெள்ளி. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோண்டத் தொடங்கினர். தோண்டத் தோண்டச் செல்வம் வந்தது, கூடவே தண்ணீரும் வந்தது.

கிணறு வெட்டியவர்கள் அறிவர், ஊற்றுக்கு ஏழை பணக்காரன் என்ற வேறுபாடு கிடையாது. நூறு அடியில் ஊறும் நீர் ஆயிரம் அடியில் பெருகும். இறைக்காவிட்டால் சுரங்கம் குளமாகும், முதலீடு மூழ்கும். எனவே இறைத்தாக வேண்டும். எதைக் கொண்டு?

அது நீராவியின் காலம். இங்கிலாந்தெங்கும் கரி எரிந்து புகை கக்கிக்கொண்டிருந்தது. சுரங்கத்து வாயிலில் நீராவிப் பொறியை நிறுத்துவதே அன்றைய நடைமுறை. ஆனால் மாண் தீவிலே கரி இல்லை. அடுப்புக்கும் பொறிக்கும் கடல் கடந்து கப்பலிலே வர வேண்டும். வந்தால் விலை ஏறும். தீவிலே இருந்தது மழை, மலை, மலையிலிருந்து இறங்கும் ஓடை. இருப்பதைக் கொண்டு இல்லாததை ஈடுகட்டும் அறிவு ஒருவரிடம் இருந்தது. ராபர்ட் கேஸ்மென்ட் என்பது அவர் பெயர். தாமே கற்றுத் தேர்ந்த பொறியாளர் என்பர். பழைய கருவியாகிய நீர்ச்சக்கரத்தையே அவர் எடுத்துக்கொண்டார். பழமைப் பித்தினால் அன்று. கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டார். அடியிலே பெருகும் தண்ணீரை, மேலே ஓடும் தண்ணீரைக் கொண்டே வெளியேற்றுவது என்பது அவர் திட்டம்.

1854 செப்டம்பர் 27-ஆம் நாள் சக்கரம் சுழலத் தொடங்கியது. குறுக்களவு 72 அடி 6 அங்குலம். அகலம் 6 அடி. விளிம்பைச் சுற்றி ஓர் எறும்பு நடந்தால் ஏறக்குறைய 227 அடி நடக்க வேண்டும். பெரும்பாலும் மரத்தாலான உடல். அச்சும் இழுவிசை தாங்கும் உறுப்புகளும் இரும்பு. விளிம்பெங்கும் 160-க்கு மேற்பட்ட மரச்சால்கள். நிமிடத்துக்கு இரண்டரைச் சுற்று, அவ்வளவுதான். ஓடுகிற சக்கரம் அன்று, நடக்கிற சக்கரம். தேர் அசைவதைப் பார்த்தவர்களுக்கு அந்த நடை புரியும்.

அந்த நடையிலே பிறந்த ஆற்றல் எவ்வளவு? 1,500 அடி ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு 250 காலன் நீரை மேலே ஏற்றும் வகையில் அது அமைக்கப்பட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் ஓயாமல் ஓடினால் 3,60,000 காலன். கவலை கட்டி இறைத்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், இந்தக் கணக்கைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். மாடு இல்லை, கரி இல்லை, புகை இல்லை. இறைத்தது நீர், இறைக்கப்பட்டதும் நீர்!

அந்தச் சக்கரத்தைக் காண வருவோர் இன்றும் வியக்கும் புதிர் ஒன்று உண்டு. சக்கரத்தின் பக்கத்திலே கற்கோபுரம் நிற்கிறது. தண்ணீர் அந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்துதான் சக்கரத்தின் மீது கொட்டுகிறது. உச்சிக்குத் தண்ணீர் எப்படிப் போயிற்று? பொறி வைத்து ஏற்றினார்களா? பொறி வைத்து ஏற்றுவதானால் சக்கரமே வேண்டாமே! மேல்நோக்கி ஓடும் தண்ணீரைக் கண்டு வாய் பிளக்கிறவர்கள் உண்டு. வேறோர் இடமாக இருந்தால் இதற்குள் ஓர் உண்டியல் வைத்திருப்பார்கள்.

விடை எளிது. சுற்றியுள்ள மலைச்சரிவுகளின் ஓடைகளையெல்லாம் வாய்க்கால் வெட்டித் திருப்பி, கோபுரத்து உச்சியைவிட உயரமான இடத்திலே ஒரு தொட்டியில் தேக்கினார்கள். தொட்டியிலிருந்து மண்ணுக்கடியில் குழாய் இறங்கி வருகிறது, கோபுரத்துக்குள் ஏறுகிறது. தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும். பள்ளத்தில் இறங்கிய வேகத்தாலும் எடையாலும் மறுபக்கம் ஏறியே தீரும். பள்ளிச் சிறுவன் வளைந்த கண்ணாடிக் குழாயிலே ஆடிப் பார்க்கிற பாடம் அது. ஏறிய நீர் சக்கரத்தின் தலைக்குச் சற்று முன்னால் சால்களில் விழுகிறது. நிரம்பிய சால்களின் எடை இறங்குகிறது. சக்கரம் பின்னோக்கிச் சுழல்கிறது. அச்சிலே பொருத்திய வளைந்த இரும்புக் கை, நீண்டதொரு மரத்தண்டை முன்னும் பின்னும் இழுக்கிறது. அந்தத் தண்டு கல்வளைவுகளின் மேலே, சிறு உருளைகளில் தவழ்ந்து, பல நூறு அடி தொலைவிலுள்ள சுரங்கக் குழியை அடைகிறது. அங்கே, கிடையாக வரும் இழுப்பை மேலும் கீழுமாக மாற்றும் நெம்புகோல். குழியின் ஆழத்திலே இறைப்பொறி. இவ்வளவும் விளங்கிவிட்ட பிறகு சக்கரத்தின் பெருமை குறைகிறதா? நமக்கு அது கூடவே செய்கிறது. மந்திரம் என்றால் கைகூப்பி விட்டுப் போய்விடுவோம். மனிதன் எண்ணிச் செய்தது என்றால் அருகே சென்று ஆணி ஆணியாகப் பார்ப்போம்.

சரி, இவ்வளவு பெரிய படைப்புக்கு என்ன பெயர் வைத்தார்கள்? கேஸ்மென்ட் சக்கரம் என்றா? லாக்ஸித் தொழிலாளர் சக்கரம் என்றா? இல்லை. சீமாட்டி இசபெல்லா! அன்று தீவின் துணை ஆளுநராக இருந்த சார்லஸ் ஹோப்பின் துணைவியார் அவர். வரைந்தவர் ஒருவர், மரம் அறுத்தவர் பலர், கல் சுமந்தவர் பலர், அச்சு வார்த்தவர் கடலுக்கு அப்பால் லிவர்பூலிலே. பெயர் மட்டும் மாளிகைக்குப் போயிற்று.

அந்த அம்மையார்மீது நமக்குப் பகை இல்லை. அவர் கேட்டு வாங்கிய பெயர் என்று சொல்லச் சான்றும் இல்லை. வேடிக்கை வேறிடத்தில் இருக்கிறது. 72 அடிச் சக்கரத்துக்குப் பெண்ணின் பெயர் சூட்டி மகிழ்ந்த அந்தத் தீவிலே, அன்று எந்தப் பெண்ணுக்கும் வாக்கு இல்லை. ஆணுக்கு இருந்ததா என்றால் அதுவும் இல்லை. கீஸ் சபை என்னும் மக்கள் சபையிலே, பெயர்தான் மக்கள் சபை, ஓர் இடம் காலியானால் உள்ளே இருப்பவர்களே பெயர் சொல்லி நிரப்பிக்கொள்வார்கள். 1866-இல் சட்டம் மாறியது. அதற்கு அடுத்த ஆண்டிலேதான் தேர்தல் என்பதையே தீவு கண்டது. அப்போதும் சொத்துடையவருக்கே வாக்கு. 1881-இல் சொத்துடைய பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. உலகிலே பல பெரிய நாடுகள் கனவிலும் கருதாத காலத்தில் அந்தச் சிறு தீவு அதைச் செய்தது. அதற்காக அதை மனமாரப் பாராட்டுவோம். ஆனால் அந்தச் சட்டமும் மணமாகாதவர்க்கும் கைம்பெண்களுக்குமே கதவு திறந்தது. கணவனுள்ள பெண்ணுக்கு இல்லை. ஆளுநரின் மனைவி என்று சக்கரத்திலே பெயர் ஏறியவளும், ஆளுநரின் மனைவியாக இருக்கும்வரை, அந்தச் சட்டத்தின் கீழ் வாக்களிக்க முடியாது! ஆணும் பெண்ணும் அனைவரும் வாக்களிக்க 1919 வரை காத்திருக்க நேர்ந்தது.

இனிக் குழிக்குள் இறங்குவோம்.

சுரங்கம் செழித்த நாட்களில் 600-க்கு மேற்பட்டவர்கள் அதிலே உழைத்தனர். தொப்பியிலே களிமண் உருண்டை, அதிலே மெழுகுவத்தி, அதுதான் விளக்கு. கையிலே உளியும் சம்மட்டியும், பிறகு வெடிமருந்து. இத்தனை அடி பாறைக்கு இத்தனை பணம் என்று பேரம் பேசி வேலையை ஏற்கும் முறை அங்கே இருந்தது. மெழுகுவத்தியும் மருந்தும் உழைப்பவன் கணக்கிலேயே கழியும். பாறை இளகினால் கையில் ஏதோ மிஞ்சும். பாறை இறுகினால் இருட்டும் கடனும் மிஞ்சும். மேலே கழுவு தளத்திலே சிறுவர்கள் நின்றனர். உடைத்த தாதுவை ஓடும் குளிர்நீரில் அலசிப் பிரிக்கும் வேலை. வடகடல் காற்று வீசும் குளிர்காலத்தில் அந்தப் பிஞ்சுக் கைகள் எப்படி இருந்திருக்கும்!

இறங்கியது எப்படி? ஏணியிலே. ஏறியது எப்படி? அதே ஏணியிலே. சுரங்கம் ஆழமாகி ஆழமாகி முடிவில் 2,000 அடிக்கும் மேல் சென்றது. நாள் முழுதும் பாறை உடைத்தவன், ஈர உடையோடு, இருட்டிலே, படி படியாக ஏறி வர வேண்டும். நாம் முன்பு குறிப்பிட்ட ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மேலே தூக்க 1854-இல் சக்கரம் வந்துவிட்டது. மனிதனை மேலே தூக்கப் பொறி எப்போது வந்தது? 1881-இல்! இடையே 27 ஆண்டுகள். தண்ணீர் பொறியிலே ஏறிச் சென்றது, மனிதன் ஏணியிலே ஏறிச் சென்றான். பொறியறிவு இல்லாததால் அன்று. அதே பள்ளத்தாக்கில், அதே ஓடை நீரால்தான் 1881-இல் அந்த ஆள்தூக்கும் பொறியும் இயங்கியது. நீர் தேங்கினால் கம்பெனிக்கு நட்டம், கால் தேய்ந்தால் யாருக்கு நட்டம்? கணக்குப் புத்தகத்திலே அதற்குப் பத்தி இல்லை.

அந்தப் பொறியும் பல்லக்கு அன்று. குழிக்குள்ளே மேலும் கீழுமாக அசையும் நீண்ட தண்டு. அதிலே இடைவெளி விட்டுச் சிறு சிறு படிகள். தண்டு மேலே வரும்போது படியில் நின்று, அது உச்சிக்கு வந்து நிற்கும் ஒரு நொடியிலே சுவரோரப் பலகைக்குத் தாவி, அடுத்த அசைவுக்குக் காத்திருந்து மீண்டும் தாவ வேண்டும். கால் பிசகினால் கதை முடிந்தது. ஆனாலும் ஏணியைவிட அது மேல் என்று தொழிலாளர் வரவேற்றனர் என்றால், ஏணி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

சுரங்கத்துக்குள்ளே கிடைமட்ட வழியில் தாதுவண்டிகளை இழுக்க முதலில் மட்டக் குதிரைகள் இருந்தன. 1877-இல் இரண்டு குட்டி நீராவி வண்டிகள் வந்தன. தண்டவாளத்தின் அகலமே 19 அங்குலம்தான். அவற்றுக்கு வைத்த பெயர் எறும்பு, தேனீ. பாருங்கள் அந்த வரிசையை! ஒய்யாரமாகச் சுழல்வது சீமாட்டி. குனிந்து குகைக்குள் புகுந்து சுமை இழுப்பது எறும்பும் தேனீயும். பெயர் வைத்தவர்கள் தம்மை அறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு பெயரும் அந்த ஊரிலே உண்டு. சுரங்கக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் டம்பெல் என்னும் செல்வர், வங்கியும் அவருடையதே. தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகள் அவர் பெயரால் டம்பெல் வரிசை என்றாயின. அவர் காலத்துக்குப் பின், 1900 பிப்ரவரியிலே, அந்த வங்கி முறிந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் காசு கரைந்தது, தீவே கலங்கியது. வங்கி போயிற்று, வரிசை நிற்கிறது. ஆனால் ஊரார் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். 1894-இல் லாக்ஸிக்கு மின்வண்டி வந்தது. சக்கரத்தைப் பார்க்க விடுமுறைக் கூட்டம் குவிந்தது. வரிசை வீட்டுப் பெண்கள் பன்றியிறைச்சியும் முட்டையும் சமைத்து வருவோர்க்கு விற்றனர். அன்று முதல் அது இறைச்சி முட்டை வரிசை! முதலாளி தந்த பெயரை அடுப்படிப் புகை மறைத்துவிட்டது. அந்த ஊரில் நமக்கு மிகவும் பிடித்த பெயர் இதுதான்.

மின்வண்டிக் கூட்டம் சக்கரத்தைக் கண்டு களித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே பள்ளத்தாக்கின் மேற்கோடியில் இருபது பேர் மாண்டனர். ஸ்னேஃபெல் சுரங்கம் என்பது இடம். 1897 மே 10, திங்கட்கிழமை. ஞாயிறு விடுமுறை முடிந்து காலையில் ஏணியிலே இறங்கினர். உள்ளே, விட்டுச்சென்ற மெழுகுவத்தியொன்றிலிருந்து மரத்தாங்கல்கள் பற்றி எரிந்திருந்தன என்று பின்னர் கருதப்பட்டது. புகை அடங்கியிருந்தது, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று அடங்கவில்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சிலே புகுந்து குருதியிலே உயிர்க்காற்று இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கால் தளரும், கை நழுவும். ஏணியில் இருப்பவனுக்குக் கை நழுவுவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தோழனைத் தூக்கச் சென்றவர்களையும் அது சுருட்டியது.

காரணம் காண அரசின் சுரங்க ஆய்வாளர் கிளமென்ட் லெ நெவ் ஃபாஸ்டர் வந்தார். சில நாட்கள் கழிந்தும் குழியிலே நஞ்சு இருந்தது. அவரே இறங்கினார், அவரையே அது பிடித்தது. மேலேற வழி தடைப்பட்டு நின்ற அந்த நிமிடங்களில் இறந்துவிடுவோம் என்று எண்ணினார். எழுதுகோலை எடுத்தார். குறிப்பேட்டிலே மனைவிக்கு விடை சொல்லி எழுதினார். பிழைத்து வந்த பின், மயங்கிக்கொண்டிருந்த கை எழுதிய அந்தக் குறிப்புகளையே, நஞ்சு மனித மூளையை எப்படி மழுக்குகிறது என்பதற்குச் சான்றாக அறிக்கையிலே சேர்த்தார். குழியிலே பேய் அடித்தது என்று சொல்லி ஊரை அடக்கியிருக்கலாம். அவர் பேயைத் தேடவில்லை, காற்றை ஆராய்ந்தார். தம் உடலையே ஆய்வுக் கூடமாக்கிய அந்த மனிதரின் பெயரைச் சொல்லும்போது நம் குரல் தானாகவே தாழ்கிறது.

அதன் பின் தாதுவின் விலை வீழ்ந்தது, நரம்பு வற்றியது, 1929-இல் லாக்ஸிச் சுரங்கம் மூடப்பட்டது. இறைப்பதை நிறுத்தியதும் ஊற்று தன் இடத்தை எடுத்துக்கொண்டது. உழைத்தவர்கள் கலைந்தனர். எறும்பும் தேனீயும் 1935-இல் பழைய இரும்பாகப் போயின. சீமாட்டியும் விறகாகியிருப்பாள். ஆனால் அவள் காட்சிப் பொருளாகிவிட்டிருந்தாள். பார்க்க வருவோர் தந்த காசும், ஊர்க்காரர் சிலரின் பிடிவாதமும் காப்பாற்றின. 1965-இல் தீவின் அரசு சக்கரத்தை வாங்கியது, பழுது பார்த்தது. 1989-இல் மரபுச் சின்னங்களைக் காக்கும் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இன்று, ஓடும் நிலையில் எஞ்சியிருக்கும் நீர்ச்சக்கரங்களில் உலகிலேயே பெரியது அதுதான் என்கிறார்கள்.

இப்படிப்பட்ட சின்னத்தைக் காக்கத்தான் வேண்டுமா என்று இளைஞர் சிலர் நம்மைக் கேட்பர். உழைப்பை உறிஞ்சிய பொறிக்கு வண்ணம் பூசி வழிபாடா என்பர். அந்தச் சினம் நமக்குப் புரிகிறது. ஆயினும் உடைத்தெறிவதில் நமக்கு உடன்பாடில்லை. கோட்டைகளைக் காக்கிறார்கள், கொத்தளங்களைக் காக்கிறார்கள். மன்னர் படுத்த கட்டிலையும் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள். தொழிலாளி தொட்ட பொருள் எத்தனை நிற்கிறது? சக்கரம் போனால் அந்தப் பள்ளத்தாக்கில் 600 பேர் உழைத்தார்கள் என்பதற்குக் கண்ணால் காணும் சான்று குப்பைமேடும் பள்ளமும்தான். காப்பது நன்று. வண்ணத்தை மட்டும் காட்டிவிட்டு ஏணியை மறைத்தால் அங்கேதான் நமக்கு வழக்கு.

லாக்ஸி அந்த வழக்கில் முழுவதும் தோற்றுவிட்டது என்று சொல்ல மாட்டோம். சிறுவர்கள் தாது அலசிய தளம் இன்று தோட்டம். ஸ்னேஃபெல் சுரங்கத்தில் ஓடி, பிறகு கடல் கடந்து கார்ன்வாலில் வெள்ளைக் களிமண் சுரங்கத்துக்கு உழைத்த 50 அடிச் சக்கரம் ஒன்றைத் தேடிப்பிடித்து மீட்டு வந்து, 2006-இல் அந்தத் தோட்டத்திலே நிறுத்தினார்கள். ஊருக்குள்ளே சுரங்கத் தொழிலாளியின் கற்சிலையும் நிற்கிறது. ஆளுநருக்கு அன்று, ஆளுக்கு! ஆற்று வண்டலிலே ஈயமும் துத்தநாகமும் இன்னும் கிடக்கின்றன. அவற்றைத் தோண்டியவர்கள் போய்விட்டார்கள், அவை போகவில்லை.

எறும்புக்கும் தேனீக்கும் மறுபிறப்பு கிடைத்தது. பழைய வரைபடங்களைப் போலவே புதிதாகச் செய்த இரு குட்டி வண்டிகளை 2004 முதல் அதே 19 அங்குலத் தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். விடுமுறை நாட்களில் குழந்தைகள் பெட்டியிலே குனிந்து அமர்கின்றனர். ஊது ஒலிக்கிறது. வண்டி குகைக்குள் புகுகிறது, குழந்தைகள் கூவுகின்றனர். மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்து சேர ஒரு சில நிமிடங்களே ஆகின்றன.